குட்டி ஜப்பானில் சைனீஸ் ஓட்டல்

எண்ணெய்ப் புரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகரிலேயே இப்போது பேரப்பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் பக்கத்தில் புதிதாகத் திறக்கும் சைனீஸ் ஓட்டல்களின் உள் அலங்காரம்தான் ஒப்பவில்லை.

எல்லாம் ஒரே அச்சு. சுவரில் டிராகன், தலைக்கு மேல் சிவப்புக் கூண்டு விளக்கு, பிளாஸ்டிக் மூங்கில், அரை இருட்டு. கல்லாவில் கையாட்டும் பூனை. அது சீனப் பூனையே இல்லை, ஜப்பான் பூனை! சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். அந்த உறவுக்காகப் பூனையை விட்டுவிடலாம்.

வெளிச்சத்தை விட முடியாது. ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் காலண்டர் தாள் பார்த்தவன் நான். வெள்ளை வெளிச்சத்தில் பார்க்காமல் எந்தத் தாளுக்கும் சரி சொல்ல மாட்டோம். சிவப்பு வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில் அடித்த சிவப்பு எழுத்து மறைந்தே போகும்; பச்சை கறுத்துவிடும். மெனு கார்டுக்கும் வெங்காயத் தாளுக்கும் அதே கதிதான். கோபியா கோழியா என்று கடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு சுவரில் இருக்கட்டும், மேஜைக்கு மேல் வேண்டாம்.

டிராகனும் அவசியமில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனது கல்கத்தாவுக்கு. நாம் சாப்பிடும் இந்தச் சைனீஸ் சமையலும் கல்கத்தாவில் குடியேறிய சீனர்களிடமிருந்து கிளம்பியதுதான். பட்டாசோ சீனர்கள் கண்டுபிடித்தது. அவர்கள் புத்தாண்டுக்குக் கொளுத்தும் சரமும் நம் சரவெடி போலச் சிவப்புத் தாள் சுற்றியதே. பழைய தீப்பெட்டி லேபிள், குருவி வெடி லேபிள்களைச் சட்டம் போட்டு மாட்டினால் பொருத்தமாகவும் இருக்கும், செலவும் குறைவு.

ஆனால் என் பெரிய கவலை தீ. சைனீஸ் அடுப்பில் ஜுவாலை வாணலிக்கு மேலே எழும். பக்கத்திலேயே தெர்மோகோல் கூரை, பிளாஸ்டிக் பூ, துணித் திரை. ஏசிக்காக ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 அன்று மாடி உணவகத்தில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள்.

பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது விதி. அதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள், ஓட்டல் என்று வந்ததும் ஐம்பது அறுபது பேரை ஒற்றைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள். அந்தக் கதவையும் உள்ளே இழுத்துத்தான் திறக்க வேண்டும்.

ஓட்டல் திறக்கப்போகும் தம்பிமார்களே, டிசைனர் வரைபடத்தை விரித்ததும் இரண்டாவது வாசல் எங்கே என்று கேளுங்கள். புகைக் குழாயில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை எப்படித் துடைப்பது என்று கேளுங்கள். அதனால் இரண்டு மேஜை குறையும் என்பார். குறையட்டும்.