வேண்டும், வேண்டாம்

நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு புயல் இரவு. கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற செய்தியைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கடற்கரை நிலையம் ஒன்று கூப்பிட்டது. "நாலு படகு கரைக்கு..." என்பதுவரை காதில் விழுந்தது. மீதி கரைந்துபோயிற்று. தூக்கக் கலக்கத்தில் 'வந்தது' என்று எழுதிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மனசு கேட்காமல் திரும்பக் கூப்பிட்டேன். "வரலை சார், வரலை" என்றார். படகுகள் மறுநாள் வேறு குப்பத்தில் கரை சேர்ந்தன. பதிவேட்டில் அடித்துத் திருத்திய அந்த வரி மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆன்டெனா சரியில்லை, வாட் போதாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பழுது பார்க்க வந்தவர் இரண்டையும் தொடவில்லை. அங்கே கைமைக்கை எடுத்துவிட்டு மேசைமைக் வைத்திருந்தார்கள். பெட்டியில் மைக் உள்ளீட்டு அளவு மட்டும் பழையபடியே இருந்தது. அதைக் கூட்டினார், தீர்ந்தது.

இந்தப் பெட்டிகள் எஃப்.எம். முறையில் பேசுகின்றன. குரல் அலையின் அதிர்வெண்ணை எவ்வளவு அசைக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் எதிர்முனையில் சத்தம். 25 வாட் பெட்டியானாலும் மைக் அளவு குறைந்தால் முணுமுணுப்புதான். அதற்காக ஒரேயடியாகக் கூட்டினாலும் ஆபத்து. அசைவுக்கு வரம்பு உண்டு. 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ். அதைத் தாண்டாதபடி பெட்டி குரலின் உச்சியை வெட்டிவிடும். பேச்சு, மூச்சு, மின்விசிறி, காற்று எல்லாம் ஒரே உயரத்தில் வந்து விழும்.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் மறுப்பு வினைக்கு முன்னாலேயே 'ன' என்று தலைகாட்டிவிடும், வினை முடிந்ததும் 'பா' என்று இன்னொரு தரம் வரும். ஒன்று தப்பினாலும் மற்றது காப்பாற்றும். நம் மொழியில் வாக்கியம் முழுக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இறங்குகிற இடத்தில்தான் 'இல்லை' வருகிறது. 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதுவும் கடைசியில். குரல் கேட்டால் தானே அனுப்பும் 'வாக்ஸ்' வசதியை வைத்தால் இன்னும் மோசம்: குரல் தணிந்ததும் பேச்சு முடிந்தது என்று பெட்டி வாலை நறுக்கிவிடும். கரை நிலையத்தில் அதை அணைத்துவிட்டு, பொத்தானை அமுக்கிப் பேசுவதே உத்தமம். சொல்லி முடித்து ஒரு நொடி கழித்துத்தான் விரலை எடுக்க வேண்டும்.

2004 சுனாமி அன்று புதுச்சேரி நல்லவாடு எப்படித் தப்பியது? சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்னதை, கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஜனங்கள் ஓடினார்கள். அந்த மையங்கள் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய திட்டத்தில் வந்தவை. வில்லியனூரை நடுவாக வைத்து வி.எச்.எஃப். ரேடியோவிலும் பேசிக்கொண்டன. கடைசியில் ஊரைக் காப்பாற்றியது காதில் தெளிவாக விழுந்த சில வார்த்தைகள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் எங்கள் பக்கம் கரை கடந்தது. கோபுரம், பேட்டரி எல்லாம் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மைக் அளவை, பெட்டி விற்றவர் அமைதியான அறையில் தன் குரலுக்கு வைத்துவிட்டுப் போகிறாரே, அதைத்தான் நான் ஒப்பமாட்டேன். புயலன்று பேசப்போகிற ஆள் உட்கார்ந்து, விசிறி ஓட, ஜன்னல் திறந்திருக்க, வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளியில் பேச வேண்டும். எதிர்முனையில் ஒருவர் கேட்டு எழுத வேண்டும். வைத்த அளவைப் பெட்டியின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

மரக்காணம் பக்கம் யாராவது மைக்கைத் தட்டி "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றால் நான் விடுவதில்லை. "தம்பி, 'நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்'னு சொல்லுப்பா" என்பேன். பெருசுக்கு வேறு வேலை இல்லை என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சொல்வார்கள்.