பிடித்தம் உண்டு, பேச ஆள் இல்லை

தமிழகக் காவலர்களுக்குச் சங்கம் கூடாது என்ற பழைய முடிவை மேலிடம் இன்னமும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆட்சிகள் மாறின, ஆணையங்கள் வந்துபோயின. முடிவு மட்டும் மாறவில்லை. உங்கள் நலனை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பார்த்துக்கொள்ளும் லட்சணம் தெரிய ஆடிப்பெருக்கன்று கொல்லிமலை ஏறினால் போதும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தூறலில் நனைந்த காக்கிச் சட்டையோடு, எதிரெதிரே வந்து முட்டி நிற்கும் வேன்களைப் பின்னால் தள்ளச் சொல்லி விசிலடித்துக்கொண்டிருக்கிறார் ஒரு காவலர். மேலே வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று திரும்பிய பக்கமெல்லாம் கூட்டம். வாழவந்திநாடு காவல் நிலையத்து ஆட்கள் எந்த மூலைக்கு? அடிவாரத்திலிருந்து ஆள் ஏற்றுகிறார்கள். பொட்டலச் சாப்பாடு வந்த நேரத்துக்கு, நின்ற இடத்தில். அந்த வாரத்து ஓய்வு நாள் போனது போனதுதான். ஈடாக எப்போது ஓய்வு என்று கேட்க அவருக்கு வாய் உண்டு, துணிவு இல்லை. தனியாகக் கேட்பவர் எங்கே தூக்கியடிக்கப்படுவார் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதே காவலரின் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். காவலர் சேமநல நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி, 2021 முதல் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று பிடித்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ சேர்ந்தவரானால் ஓய்வூதியத்துக்கு 10 விழுக்காடும் போகும். ஆசிரியருக்கும் வருவாய்த் துறை ஊழியருக்கும் இதே காப்பீட்டு, ஓய்வூதியப் பிடித்தங்கள் உண்டு. ஆனால் அவர்களுக்காக அவர்களின் சங்கக் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தெருவில் இறங்குகிறது. அந்தப் போராட்டத்துக்கு பந்தோபஸ்து நிற்பவர் காவலர். அவர்கள் போராடி வாங்குவதில் அவருக்கும் பங்கு வரும். அதற்காகச் சந்தா கட்ட அவர் தயாராக இருந்தாலும் கட்ட விட மாட்டார்கள்.

சங்கத்தில் சேராதவரிடம் சங்கத்துக்காகப் பணம் பிடிக்கலாமா என்று உலகமே வழக்காடியிருக்கிறது. 1984-இல் பாமர் லாரி வழக்கில், ஒப்பந்தம் வாங்கித் தந்த சங்கத்தின் நிதிக்கு எல்லாத் தொழிலாளரின் நிலுவைத் தொகையிலும் 15 விழுக்காடு பிடிக்கலாம் என்றது நம் உச்ச நீதிமன்றம். 2018-இல் மார்க் ஜேனஸ் என்ற இல்லினாய் மாநில ஊழியரின் வழக்கில், அரசு ஊழியரிடம் அப்படிப் பிடிக்கவே கூடாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் எல்லோருக்கும் அது பொருந்தும். விருப்பமில்லாதவரிடம் சந்தா பிடிக்கக் கூடாது என்பதே நம் கருத்து. ஆனால் அந்த இரண்டு நாட்டு வழக்குகளிலும், சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர் ஊழியர். நம் காவலருக்கு அந்த முடிவே கிடையாது. பணம் மட்டும் போகிறது. அது போகும் வழியைக் கேட்க அவர் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை.

சட்டத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம் அனுமதியின்றிச் சங்கத்தில் சேருவதைத்தான் தடுக்கிறது; மீறினால் இரண்டாண்டு வரை சிறை. அனுமதி கொடுக்கத் தடையே இல்லை. டெல்லி காவலர் சங்க வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. சங்கமே கூடாது என்று சொல்லவில்லை. கேரளத்தில் காவலர் சங்கம் தேர்தல் நடத்திப் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அங்கே ஒழுங்கு குலைந்துவிட்டதா? இங்கேயே ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் உண்டு. தோளில் நட்சத்திரம் ஏறினால் கெடாத கட்டுப்பாடு, கான்ஸ்டபிள் கூடிப் பேசினால் மட்டும் கெட்டுவிடுமா?

இவர்களின் வாக்கை நம்பச் சொல்வதுதான் கொடுமை. 1979-இல் நாடெங்கும் காவலர்கள் குமுறியெழுந்து, தமிழகத்திலும் சங்கம் கேட்டபோது அடக்குமுறைதான் பதிலாக வந்தது. அதே ஆண்டில், அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரை வைக்கும் ஆர்டர்லி முறையை ஒழித்துவிட்டதாக ஆணை போட்டார்கள். 43 ஆண்டு கழித்து, 2022-இல், நான்கு மாதத்தில் அதை ஒழியுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு நாயைக் காவலர் நடத்திச் சென்ற அத்தனை ஆண்டுகளும் ஆணை கோப்பில் பத்திரமாக இருந்தது. 1969 முதல் ஐந்து காவல் ஆணையங்கள் அமைத்தாயிற்று, பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. 2021-இல் வார ஓய்வு அறிவித்தார்கள். மலையில் நிற்பவரைக் கேட்டால் தெரியும் அதன் கதி. அறிவிப்பது மேலிடம், மீறுவது மேலிடம், மீறலை விசாரிப்பதும் மேலிடம்.

வேலைநிறுத்த உரிமையை யாரும் கேட்கவில்லை. பிடிக்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்கவும், பறிபோன ஓய்வைத் திருப்பிக் கேட்கவும், பழிவாங்கலுக்கு அஞ்சாமல் பேசவும் காவலர்களே தேர்ந்தெடுத்த ஓர் அமைப்பு வேண்டும். அதன் வடிவத்தைக் காவலர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அதுவரை நலன், குடும்பம் என்ற சொற்களை மேலிடம் வாயில் எடுக்க வேண்டாம். பேசும் உரிமையைத் தர மனமில்லாதவர்களுக்குப் பிடித்தம் செய்யும் உரிமை மட்டும் எங்கிருந்து வந்தது?