அறியப்படாததா, மூடப்பட்டதா?

நியூயார்க்கைப் பற்றி எழுதும் பயண நூலாசிரியர்களுக்கு ‘அதிகம் அறியப்படாத கதை’ என்னும் தொடர் மிகவும் பிரியமானது. எனக்கோ அது நாகரிகமானதொரு பொய்யாகவே படுகிறது.

1991-இல் மன்ஹாட்டனின் பிராட்வேயில், 34 மாடி அரசுக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஆப்பிரிக்கர்களின் இடுகாடு அது. எவரும் அறியாத இடமா? 1755-ஆம் ஆண்டு வரைபடத்திலேயே பெயரிட்டுக் குறிக்கப்பட்ட இடம். கட்டுமானத்துக்கு முந்தைய ஆய்வறிக்கையும் அதைச் சொன்னது. பிற்காலக் கட்டடங்கள் கல்லறைகளை அழித்திருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டது. இதன் பெயர் அறியாமையன்று, அலட்சியம்.

கறுப்பின மக்கள் போராடிய பின்னரே 1992-இல் அகழ்வு நின்றது. அதற்குள் 419 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டிருந்தன. அவர்களுள் பலர் குழந்தைகள். 2003-இல் மறு அடக்கம்; 2006-இல் தேசிய நினைவிடம்.

நகரம் வளர வேண்டாமா என்பார்கள். வளரட்டும். ஆனால் அதே பிராட்வேயில், நடந்து செல்லும் தொலைவில், டிரினிட்டி தேவாலயத்தில் ஹாமில்டனின் கல்லறை பத்திரமாக இருக்கிறதே! அத்தேவாலயம் 1697-இல் தன் மயானத்தில் ஆப்பிரிக்கர்களைப் புதைக்கத் தடை விதித்தது. எனவே இவை இரண்டு கதைகளல்ல, ஒரே கதை. ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டு, மறுபாதியை ‘அறியப்படாதது’ என்பது எவ்வகை நேர்மை?