கோட்டையைக் காப்பது மதிலா?

பண்ணைக் கடலோரத்தில் மாலை வேளையிலே உலாவச் செல்வோர் யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கல் மதிலைப் பாராது மீள்வதில்லை. அண்மையில் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றபோது அவர்களுள் ஒருவன், "ஐயா, ஒல்லாந்தர் இந்த மதிலை எந்த இடத்தில் உடைத்து உள்ளே புகுந்தார்கள்?" என்று வினவினான். நல்ல வினாவே. ஆயினும் அதனுள் இரு பிழைகள் உள்ளன. நாம் இன்று காணும் மதில் அன்று இருந்ததன்று. அன்றிருந்த மதிலும் உடைத்துப் புகுந்து கைப்பற்றப்பட்டதன்று. இவ்விரண்டையும் விளங்கிக்கொண்டால், படைத்தலைமை என்பது யாது என்பதும் ஒருவாறு விளங்கும்.

1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், பழைய இராசதானியாகிய நல்லூரை விடுத்துக் கடலோரத்தில் சதுர வடிவிலே ஒரு கோட்டையைக் கட்டினர். காரணம் எளிது. தரையிலே பகைவர் சூழ்ந்தாலும், உணவும் வெடிமருந்தும் ஆட்களும் கடல்வழியே வந்து சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் வேரைக் கண்டுபிடித்து அறுத்தவனே ஒல்லாந்தத் தளபதி றிக்கிளொவ் வான் கூன்ஸ்.

ஒல்லாந்தர் இதற்கு முன்னர்க் கொழும்பிலே ஒரு கசப்பான பாடம் கற்றிருந்தனர். 1655 நவம்பரில் அந்நகரத்தின் மதில்மீது பாய்ந்து தாக்கியபோது பேரிழப்புடன் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் நகரை வளைத்து, உணவு புகாது தடுத்து, மாதக்கணக்கிற் காத்திருந்தே 1656 மே மாதத்தில் அதனைப் பெற்றனர். வீரம் செய்ய முடியாததைப் பசி செய்தது.

1658 இன் தொடக்கத்தில் வான் கூன்ஸ் வடக்கே திரும்பியபோது, யாழ்ப்பாணத்தை நோக்கி நேரே பாயவில்லை. தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு அவன் எண்ணம் புலப்படும். முதலிலே மன்னாரைப் பிடித்தான். அங்குத் தோற்றவர்களிற் பலர் யாழ்ப்பாணத்துக்கே பின்வாங்கினர். ஒல்லாந்தப் படை தரைவழியே வன்னிக் கரையூடாக வந்து, கடல்நீரேரியைக் கடந்து, மார்ச்சு மாதத்திலே நகரை நெருங்கியது. நகரத்தவர் பலர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். உள்ளே காவலர் பெருகினர் என்று தோன்றலாம். மெய்யாகப் பெருகியவை உண்ணும் வாய்களே.

அடுத்த வேலை கடலை மூடுவது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழமற்றது; வெளிக்கடலிலிருந்து வருவோர் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள வாய்க்காலூடாகவே வரவேண்டும். அவ்வாய்க்காலின் நடுவே போர்த்துக்கேயரின் கடற்கோட்டை ஒன்று நின்றது. அதனை ஒல்லாந்தர் பீரங்கியால் தாக்கினர். ஆயினும் அதனைப் பணியச் செய்தது குண்டன்று, குடிநீர் இன்மையே. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு துளி இல்லை! பின்னர் ஒல்லாந்தர் அதற்கு 'ஹாமென்ஹீல்' எனப் பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடை போன்றது என்றும், இவ்விடம் அதன் குதிகால் என்றும் கருதி இட்ட பெயர் அது.

இனி எஞ்சியது கோவா. போர்த்துக்கேயரின் தலைமையிடமாகிய கோவாத் துறைமுகத்தின் வாயிலை அவ்வாண்டுகளிலே ஒல்லாந்தக் கப்பல்கள் மறித்து நின்றன. சோளகக் காற்று எழுந்ததும் மேற்குக் கரையிலே கடல் கொந்தளித்து வழியை அடைத்துவிடும். யாழ்ப்பாணத்துக்கு உதவி வரும் பாதை இவ்வாறு ஒவ்வொரு படியிலும் அடைபட்டது.

ஏறத்தாழ மூன்றரை மாதம் கோட்டை தாக்குப் பிடித்தது. பீரங்கிகள் முழங்கின, பசியும் நோயும் உள்ளே பரவின. 1658 ஜூன் மாதத்தில் கோட்டை சரணடைந்தது. ஒல்லாந்தப் படையுடன் வந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் பாதிரியார் இப்போரைப் பற்றி எழுதிய நூல் 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியாயிற்று.

வென்றவர் பழைய சதுரக் கோட்டையை மாற்றி, ஐந்து கொத்தளங்களுடன் ஐங்கோண வடிவிலே புதிய கோட்டை கட்டினர். வெளிப்புற அரண்வேலைகள் 1792 வரை நீடித்தன. மூன்றே ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது யாது? ஐரோப்பாவிலே ஒல்லாந்தக் குடியரசு பிரான்சியப் படைகளிடம் வீழ்ந்தது. 1795 ஓகஸ்டில் திருகோணமலையைப் பிடித்த ஆங்கிலேயர், செப்டெம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். நூறாண்டுக்கு மேலாகச் செப்பனிட்ட கோட்டை எதிர்ப்பின்றியே கைமாறியது. மெலிந்த கோட்டை மூன்றரை மாதம் நின்றது. வலிய கோட்டை ஒருநாளும் நில்லாது போயிற்று!

அரணைப் பற்றித் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் இதனை அறியாதவர் அல்லர். மதிலின் உயரத்தோடு நில்லாது உள்ளிருக்கும் உணவையும் அரணின் இலக்கணமாக அவர் வைத்தார். செயற்றிறம் இல்லாரிடத்தில் எத்துணைச் சிறந்த அரணும் இல்லாததற்கே சமம் என முடித்தார். வான் கூன்ஸ் குறள் படித்தவனல்லன்; ஆயினும் அந்த உண்மையை மறுபக்கத்திலிருந்து கண்டவன்.

எனினும், அவன் திறமையை வியந்து நாம் நின்றுவிடலாகாது. படைநூலார் 'முற்றுகை' என்று ஒரு சொல்லாற் கூறிச் செல்வது, உள்ளே இருந்த தாய்க்கும் பிள்ளைக்கும் மூன்றரை மாதப் பசி. வெளியே இருந்த நம் குடியானவனுக்கோ, வரி வாங்கும் கை மாறியதேயன்றி வரி மாறவில்லை. 1990 இல் இதே கோட்டை மீண்டும் முற்றுகையிடப்பட்டதைக் கண்டவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். 1706 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயமும் அப்போர்க்காலத்தில் அழிந்தது. முற்றுகை என்பது நமக்கு வெறும் பாடப்புத்தகச் சொல் அன்று.

ஆகவே, அடுத்த முறை கோட்டைக்குச் செல்லும் மாணவர்கள் மதிலின் உயரத்தை மட்டும் அளவிடாது, கிணற்றையும் கடலையும் பார்ப்பார்களாக. பின்னர், அன்று உள்ளே எத்தனை பேர் பசித்திருந்தனர் என்றும் எண்ணிப் பார்ப்பார்களாக.