காசு கட்டிக் கூடாரம்

கோடை விடுமுறை வந்தால் இப்போது எங்கட சனத்துக்கும் காடு, மலை, ஆறு என்று ஆசை வந்துவிடுகிறது. பே ஏரியாவில் இருப்பவர்கள் யோசமிட்டிக்கும், டெக்சாஸில் இருப்பவர்கள் குவாடலூப் ஆற்றுப் பக்கமும், நியூ ஜெர்சிக்காரர் டெலவெயர் ஆற்றுப் பக்கமும் வெளிக்கிடுகிறார்கள். நல்ல விசயம்தான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பயணங்களில் இரண்டு விதமான ஆட்களைக் காண்கிறேன். இரண்டு பகுதியோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

முதலாவது, பெரியவர்கள். "காசு கட்டி ஏன் மோனை கூடாரத்துக்குள்ள படுக்கிறியள்? நாங்கள் சும்மாவே படுத்தனாங்கள்" என்று என்னுடைய அம்மா கேட்பா. பகிடி மாதிரித்தான் சொல்லுவா, ஆனால் பகிடி இல்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழைக்குள் செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்தில் அவவும் ஒருத்தி. பாடசாலை விறாந்தையிலும் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் படுத்தவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியாது.

இரண்டாவது, எங்கட வயதுக்காரர். பெரிய வான், விலை கூடின கூடாரம், காற்றடித்த மெத்தை, மூன்று நாள் சாப்பாடு. எல்லாம் இருக்கும். எந்தப் பாதையால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டால், "போன் இருக்குத்தானே அண்ணை" என்பார்கள்.

என்னைக் கேட்டால், காட்டில் உயிரைக் காப்பது சாமான் அல்ல, பழக்கம். அந்தப் பழக்கம் கடையில் இல்லை. நாங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிற அந்தப் பெரியவர்களிடம் இருக்கிறது.

2021 ஓகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். யோசமிட்டிக்கு அருகே மரிபோசா பகுதியில் ஒரு இளம் தம்பதி, ஒரு வயதுக் குழந்தையோடும் நாயோடும் சுமார் 8 மைல் நடைபாதை ஒன்றில் இறங்கினார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு எல்லோரும் இறந்து கிடக்கக் கண்டார்கள். அன்று வெயில் 107 பாகை பாரன்ஹீட்டையும் தாண்டியிருந்தது. அது கிட்டத்தட்ட 42 பாகை செல்சியஸ். 2018ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் மரங்கள் எரிந்து போனதால் ஏற்றத்தில் நிழலும் இல்லை. கொண்டு போனது சுமார் 2.5 லீற்றர் தண்ணீர் கொள்ளும் ஒரே ஒரு பை. அது வெறுமையாக இருந்தது. கைத்தொலைபேசியில் உதவி கேட்டு அனுப்பிய செய்தியும் போகவில்லை, அழைப்புகளும் போகவில்லை.

எங்கட அம்மாமார் இடம்பெயர்ந்த நேரம் முதலில் தூக்கினது நகையையும் அடையாள அட்டையையும் மட்டுமல்ல, தண்ணிப் போத்தலையும்தான். அடுத்த கிணறு எங்கே என்று கேட்காமல் நகர மாட்டார்கள். இதையே நடைபாதைக்குச் சொல்வதென்றால், தண்ணீர் பாதி முடிந்தால் எவ்வளவு அழகான இடமானாலும் திரும்ப வேண்டும். இறங்கும் பாதை என்றால் பாதி முடியமுதலே திரும்ப வேண்டும். ஏனென்றால் ஏற்றம் பின்னுக்கு, உச்சி வெயிலில் வரும்.

இன்னொன்று 2006 நவம்பரில் ஒரெகன் மாநிலத்தில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோக் குடும்பம் ஒன்று, தாய் தகப்பன் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள், மலைப்பாதை ஒன்றில் பனிக்குள் காரோடு அகப்பட்டுக்கொண்டது. எந்த வழியால் போனார்கள் என்று தேடியவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு கிழமை காத்திருந்துவிட்டு உதவி தேடித் தகப்பன் நடந்தே போனார். டிசம்பர் 4இல் தாயும் பிள்ளைகளும் காருக்குப் பக்கத்தில் உயிரோடு மீட்கப்பட்டார்கள். தகப்பனை இரண்டு நாள் கழித்து உயிரற்ற உடலாகத்தான் கண்டார்கள். அந்த மனிசனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தேடுகிறவர்கள் எல்லோரும் சொல்லுவது ஒன்றுதான். வாகனத்தை விட்டுப் போகாதே, பிரியாதே. "ஆளை ஆள் விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று நாவற்குழியில் கத்தினதும் அதே விசயம்தான்.

மூன்றாவது டெக்சாஸ். 2025 யூலை 4 விடியப்புறம் குவாடலூப் ஆறு 45 நிமிடத்துக்குள் 26 அடி உயர்ந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். கரையோரக் குடில்களிலும் கோடை முகாமிலும் நித்திரையில் இருந்தவர்கள் அள்ளுப்பட்டுப் போனார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள், அதில் நிறையப் பேர் பிள்ளைகள். ஆற்றங்கரை இடம்தான் எப்போதும் வடிவு. ஆனால் மாரி மழைக்குள் தறப்பாள் கட்டின எந்தக் கிழவியும் பள்ளத்தில் பாய் விரிக்க மாட்டாள்.

அதற்காகப் பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்ல வரவில்லை. கரடி அவர்களுக்குத் தெரியாது. யோசமிட்டியில் சம்பல், கருவாடு மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், தேங்காய் எண்ணெய் எல்லாம் கரடிக்குச் சாப்பாட்டு மணம்தான். இருட்டினால் காருக்குள் வைக்கக்கூடாது, அங்கே இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். தவறினால் 5,000 டொலர் வரை தண்டம். குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. அந்தப் புகைக் காற்றுக்கு மணம் இல்லை, நித்திரையிலேயே கொன்றுவிடும். பருத்தி உடுப்பு நனைந்தால் சூடு தராது. இவற்றை நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

புது ஐபோன்கள் (2022இல் வந்த 14 முதல்) செய்மதி வழியாக உதவி கேட்கும். அதற்கும் வானம் வெளியாகத் தெரிய வேண்டும். மரமும் மலையும் மறைத்தால் அதுவும் கஷ்டம்.

எல்லாப் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை. தறப்பாள் காற்றில் அடிக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நித்திரை வராதவர்கள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். ஆனால் கேட்டுப் பாராமலே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. "95இல் என்ன நடந்தது அம்மம்மா?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "அதை விடு ராசா" என்று கதை முடிந்துவிடும். ஆனால் "கயிற்றை எப்பிடிக் கட்டினால் மழைக்கு அவிழாது? நனைஞ்ச விறகை எப்பிடி மூட்டினனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கை தானாக வேலை செய்யும், பிறகு வாயும் திறக்கும். எங்கட பிள்ளைகள் எங்கட கதையைப் புத்தகத்தில் படிக்கப் போவதில்லை. ஒரு முடிச்சுப் போடப் பழகும்போது அரைவாசியாவது காதில் விழட்டும்.

இந்தக் கோடைக்கு வெளிக்கிடமுதல் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போங்கள். எந்த இடம், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குப் பிறகும் வராவிட்டால் யாருக்கு அடிக்க வேண்டும். ஐந்து வரி போதும். வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் வாயால் ஒருக்கால் சொல்லுங்கள். வராத ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது அவவுக்குப் பழக்கம்தான். இங்கேயும் அந்தப் பழக்கம் தேவையில்லை.