மூட்டில் முறியட்டும் சொல்

ஹனோவருக்கு அகதிகளாக வந்து சேர்ந்த நம் தமிழர்களில் பலர் மனப்பாடம் செய்த முதல் நீண்ட ஜேர்மன் சொல், அவுஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லவுப்னிஸ். வதிவிட அனுமதி. 20 எழுத்துகள், நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. அந்தச் சொல் அச்சான தாள் கைக்கு வரும்வரை நமக்கு உறக்கம் இருந்ததில்லை. இன்று நம் பிள்ளைகள் அதை மூட்டு மூட்டாகக் கழற்றிக் காட்டுகிறார்கள். அவுஃபென்ட்ஹால்ட் என்றால் தங்குதல். எர்லவுப்னிஸ் என்றால் அனுமதி. நடுவே ஒரு ‘ஸ்’.

அந்த ‘ஸ்’ஸை வேற்றுமை உருபு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அர்பைட் (வேலை) என்ற பெண்பாற்சொல் தனியே நிற்கும்போது எந்த வேற்றுமையிலும் ‘ஸ்’ ஏற்பதில்லை. ட்சிம்மர் (அறை) போன்ற சொல்லோடு சேரும்போதோ அர்பைட்ஸ்ட்சிம்மர் ஆகிவிடுகிறது. மூட்டுக்கென்றே வந்த எழுத்து அது. மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆகும்போது ‘ம்’ போய் ‘க்’ வருகிறதே, அதற்கு உறவு. இரண்டு மொழியிலும் தலைச்சொல் கடைசியில் நிற்கிறது. மரக்கிளை என்பது கிளைதான், அர்பைட்ஸ்ட்சிம்மர் அறைதான்.

மெக்லன்பூர்க்-ஃபோர்பொம்மெர்ன் மாநிலம் 1999இல் ஒரு சட்டத்துக்கு 63 எழுத்துகளில் ஒரே சொல்லாகப் பெயர் வைத்தது. அதன் உறுப்புகளை வரிசை மாற்றாமல் தமிழில் அடுக்கலாம்: மாட்டிறைச்சி, அடையாளச்சீட்டிடல், கண்காணிப்பு, பணி, ஒப்படைப்பு, சட்டம். ஆங்கிலத்தில் இதை விளக்கப் புகுந்தால் பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். தமிழர் நேரே நடந்து போகலாம். 2013இல் அந்தச் சட்டமும் அதனோடு அந்தச் சொல்லும் நீக்கப்பட்டன.

எல்லைக்கு அப்பால் டேனிஷிலும் இதே வழக்கம்தான். டான்ஸ்க் லேரர் என்று பிரித்து எழுதினால் டென்மார்க் நாட்டு ஆசிரியர். டான்ஸ்க்லேரர் என்று சேர்த்தால் டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர். தமிழ் ஆசிரியர், தமிழாசிரியர் என்ற வேறுபாட்டை நம் மொழியும் அறியும். ஆனால் டேனிஷில் மொழியாசிரியரைக் குறிக்கப் பிரித்தெழுதினால் அது பிழை. நம்மிடம் அது அவரவர் விருப்பம்.

இந்தத் தலையங்கம் எழுதக் காரணம் நம் கடந்த இதழ். அதில் ஒரு கவிதையின் நடுவே ‘மாவிலை’ என்ற சொல், ‘மா’ ஒரு வரியிலும் ‘விலை’ அடுத்த வரியிலுமாக முறிந்து அச்சாகியிருந்தது. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம், கடையில் விற்கும் மாவின் விலையாகிவிட்டது. ஜேர்மன் பள்ளிகளில் பிள்ளைகள் கற்கும் ‘ஷ்டவுபெக்கன்’ என்ற சொல்லும் இப்படித்தான்: ஓரிடத்தில் பிரித்தால் நீர்த்தேக்கம், இன்னோரிடத்தில் பிரித்தால் தூசி படிந்த மூலைகள். அந்த ஆபத்து தெரிந்ததால் அவர்கள் மூட்டைப் போற்றுகிறார்கள். கப்பலும் பயணமும் சேர்ந்த ‘ஷிஃப்ஃபார்ட்’ என்ற சொல்லில் 1996 சீர்திருத்தத்துக்கு முன் மூன்று ‘ஃப்’களில் ஒன்று மறைந்திருந்தது. வரி முறியும் இடத்தில் மட்டும் அது திரும்பி வரவேண்டும் என்பது அன்றைய விதி.

நம் முன்னோருக்கும் இது தெரியும். ‘செம்பொன்பதின்றொடி’ என்பது செம்பொன் பத்துப் பலமா, செம்பு ஒன்பது பலமா என்று உரையாசிரியர்கள் கேட்டார்கள். எழுத்து ஒன்றாக இருக்கும்போது பொருளை இசையே பிரித்துக் காட்டும் என்றது தொல்காப்பியம். ஓலையில் இடைவெளி இல்லை, புள்ளியும் இல்லை. வாசித்தவரின் குரல்தான் பிரித்தது. அச்சில் அந்தக் குரல் இல்லை. அதன் வேலையைப் பதிப்பாசிரியர்தான் செய்யவேண்டும்.

இதே ஹனோவரில் பிறந்த குர்ட் ஷ்விட்டர்ஸ், 1919இல் ஒரு வங்கி விளம்பரத்திலிருந்த ‘கொம்மெர்ட்ஸ்’ என்ற சொல்லை வெட்டி ‘மெர்ட்ஸ்’ என்ற துண்டை எடுத்தார். தன் கலை முழுவதற்கும் அதையே பெயராக்கி, 1923இல் அதே பெயரில் ஒரு சிற்றிதழும் தொடங்கினார். அவர் வீட்டுக்குள் கட்டியெழுப்பிய ‘மெர்ட்ஸ்பவ்’ 1943 குண்டுவீச்சில் அழிந்தது, பெயர் நிலைத்தது. அவர் தெரிந்தே வெட்டினார். நம் கணினி தெரியாமல் வெட்டுகிறது. நாம் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறோம்.

ஆகவே இந்த இதழிலிருந்து சில முடிவுகள். ஒரு பொருளுக்கோ ஒருவருக்கோ பெயராக நிற்கும் தொகையைச் சேர்த்தே அச்சிடுவோம். வல்லொற்றை விடமாட்டோம், அவர் தந்த பலகை வேறு, யானைத் தந்தப்பலகை வேறு. உடம்படுமெய் சேர்ந்தால் சொல் முகம் தெரியாமல் போகும் இடத்தில், ‘வதிவிட அனுமதி’ போல இடைவெளி விடுவோம். மூன்று உறுப்புக்கு மேல் நீளும் தொகையை உருபு கொடுத்து விரிப்போம். வரி முறியவேண்டி வந்தால் மூட்டில் முறிப்போம்.

எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். படைப்பை அனுப்பும்முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். குரல் எங்கே நிற்கிறதோ அங்கே இடைவெளி விடுங்கள். மாவிலைக் கவிதையை இந்த இதழின் முதல் பக்கத்தில் திருத்தி மறுபடியும் அச்சிட்டிருக்கிறோம். கவிஞர் பொறுத்தருள வேண்டும்.