தடை ஆணையைக் கண்ணில் காட்டுங்கள்

2012 அக்டோபர் 30 விடியற்காலையில் புதுச்சேரி சி.பி.சி.ஐ.டி. போலீசார் இந்த ஊர்க்காரர் ஒருவரை வீட்டிலிருந்து கைது செய்து அழைத்துச் சென்றார்கள். அவர் சிறு தொழில் நடத்துகிறவர். அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியிருந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். கார்த்தியின் புகார் மின்னஞ்சலில் ஐ.ஜி.க்கே போயிருந்தது. அன்றே ஜாமீன் கிடைத்துவிட்டது என்றாலும், 16 பேர் பார்த்த ஒரு வரிக்காக மூன்றாண்டு சிறை கிடைக்கக்கூடிய வழக்கு அவர் தலையில் ஏறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு என்றால் என்ன என்பதை நாட்டில் பலர் அறிந்துகொண்டது புதுச்சேரியின் பெயரால்தான்.

அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஃபேஸ்புக் பதிவு ஒன்றுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். எதிர்ப்பு வலுத்ததும், மூத்த அதிகாரியின் அனுமதியோடுதான் இனிக் கைது என்று 2013 ஜனவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. புகாரே மூத்த அதிகாரியிடம் நேராகப் போன ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பின் மதிப்பு என்னவென்று தெரியும். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் போலீசார் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லாத சட்டத்தின்படி யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

66ஏ போனதோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. அது ஓசையில்லாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதே நம் கவலை. கைது என்றால் ஊருக்குத் தெரியும். புகார் கொடுத்தவர் யார், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று கேட்கலாம். இன்றைய முறையில் பக்கம் காணாமல் போகிறது, அவ்வளவுதான்.

விகடனுக்கு நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம். ட்ரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. தமிழ்நாடு பா.ஜ.க.வின் அன்றைய தலைவர் அண்ணாமலை புகார் செய்தார். 2025 பிப்ரவரி 15 மாலையில் பலருக்கும் விகடன் தளம் திறக்கவில்லை. அரசின் கடிதம் அந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஒரு கார்ட்டூனுக்காக அத்தனை செய்திகளும் கட்டுரைகளும் கொண்ட ஒரு தமிழ்த் தளம் முழுவதும் முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது. ஆனால் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த கேலிச்சித்திரத்துக்காகத் தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சிறைக்கு அனுப்பியபோது, அதைச் செய்தது யார் என்பது தமிழ்நாட்டுக்கே தெரிந்தது. எழுந்த எதிர்ப்பில் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் 2025 பிப்ரவரி 15 மாலை விகடன் தளத்தைத் திறக்க முயன்ற வாசகருக்கு யாரைக் கேட்பதென்றே தெரியவில்லை.

இப்படித் தளத்தை முடக்க இடம் கொடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டுத் தடை விதிகளும். அந்த விதிகளில் 16ஆவது, புகார்களையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. முடக்கலாமா என்று ஆராயும் குழுவில் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். அதைப் பிறகு சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலரும் வேறு இரண்டு துறைச் செயலர்களும். ஒரு நீதிபதிகூட இல்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பையும் கணினிக் கண்காணிப்பையும் சரிபார்ப்பதும் இப்படிச் செயலர்கள் மட்டுமே கொண்ட குழுதான். உத்தரவு போடுகிற அரசின் அதிகாரிகளே அந்த உத்தரவு சரியா என்றும் பார்ப்பதை மேற்பார்வை என்று நம்மால் ஏற்க முடியாது. பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து ஐந்தில் தீய மென்பொருள் இருப்பதாகச் சொன்னது; அது பெகாசஸ்தானா என்று உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த விசாரணைக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணா திறந்த நீதிமன்றத்தில் சொன்னார்.

இந்த அளவுக்குக்கூட நடைமுறை இல்லாத வழி ஒன்றும் இப்போது வந்துவிட்டது. அதே சட்டத்தின் 79ஆவது பிரிவைப் பயன்படுத்தி ‘சஹயோக்’ என்ற தளத்தின் வழியாகப் பதிவுகளை நீக்கச் சொல்ல, மாநில போலீசார் உட்பட ஏராளமான அதிகாரிகளுக்கு வாய்ப்பு தரப்பட்டிருக்கிறது. எக்ஸ் நிறுவனம் எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு சரியல்ல என்பது நம் கருத்து. பெரிய நிறுவனம் வக்கீல் வைத்துக்கொள்ளும். புதுச்சேரியின் கதிர்காமத்தில் தெருவில் சாக்கடை வழிகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று படம் எடுத்துப் போடுகிறவர் எங்கே போவார்? அவருடைய பதிவு காணாமல் போனால், யார் சொல்லிப் போனது என்பதே அவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்த முறை அவர் எழுதமாட்டார். வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி, நமக்கேன் வம்பு என்று குழுவையே பூட்டிவைப்பார்.

எதிர்வாதத்தை நாம் லேசாக எண்ணவில்லை. 2018 மே மாதம் குழந்தைக் கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. பெண்களின் படங்களை ஆபாசமாகத் திரித்துப் பரப்புகிறவர்களை, குழந்தைகளைச் சீரழிக்கும் காணொளி விற்பவர்களைக் காக்க யாரும் பேசவில்லை. அத்தகைய பதிவுகளைச் சில மணி நேரத்துக்குள் நீக்கத்தான் வேண்டும். அவற்றுக்குத் தனித்தனிச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் எதற்கும் ஆணையை ஒளித்துவைக்க வேண்டிய தேவை இல்லை. கேலிச்சித்திரத்தையும் அரசியல் விமர்சனத்தையும் அதே கதவு வழியாக வெளியேற்றத்தான் ரகசியம் தேவைப்படுகிறது.

புதுச்சேரி இதைச் சொல்லத் தகுதியுள்ள ஊர். 1908இல் சென்னையில் கைதுகள் தொடங்கியதும் பாரதி இங்கே வந்தார். அவருடைய ‘இந்தியா’ பத்திரிகையும் இங்கே வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் காலனி ஆட்சியாளர்கள்தான். ஆனாலும் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அவர்களுடைய காலனிகளுக்கும் பொருந்தியது. பத்திரிகையை இங்கே நிறுத்த முடியாத ஆங்கிலேய அரசு அது எல்லை தாண்டாமல் தடுத்தது. பாரதியின் கடிதங்களைப் பிரித்துப் படித்தது, தெருவில் ஒற்றர்களை நிறுத்தியது. 1910இல் ‘இந்தியா’ நின்றுபோனது. அச்சகத்தைத் தொடாமலே வாசகரிடம் போகும் வழியை அடைத்துப் பத்திரிகையைச் சாகடிக்கும் முறையை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது.

ஆகவே நாம் கேட்பது இவை. 16ஆவது விதியை மத்திய அரசு நீக்க வேண்டும். ஒவ்வொரு தடை ஆணையும் காரணத்தோடு, பாதிக்கப்பட்டவர் கைக்கும் பொதுமக்கள் பார்வைக்கும் வர வேண்டும். காஷ்மீர் வழக்கில் இணைய முடக்க ஆணைகளை வெளியிடச் சொல்லி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, தளத்தை முடக்குவதற்கு மட்டும் விலக்கு எதற்கு? முடக்கவும் ஒட்டுக்கேட்கவும் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் முதலில் செய்தாலும் இரண்டு நாளில் நீதிபதி முன் போயாக வேண்டும்.

புதுச்சேரி அரசு டெல்லிக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில், வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே முறை என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைத் தமிழில் சுற்றறிக்கையாக்கி எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அனுப்பலாம். இணையப் பதிவுகளுக்காக இதுவரை எத்தனை வழக்கு, எத்தனை கைது, புதுச்சேரி போலீசார் எத்தனை பதிவுகளை நீக்கச் சொன்னார்கள் என்ற கணக்கைச் சட்டப்பேரவையில் வைக்கலாம். அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியை எழுப்ப, ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், கதிர்காமம் தொகுதி உறுப்பினர் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.